சக்கரவர்த்தியின் கடைசி வண்டி

(புதுவைச் சரித்திரத் தொடர்: 17-ஆம் பகுதி)

1910-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆம் தேதி பிற்பகலில், கல்கத்தாவிலிருந்து வந்த ‘துய்ப்ளேக்ஸ்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் புதுச்சேரிக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சியதையும், பொய்ப் பெயர் பூண்டு அதில் பிரயாணம் செய்து வந்த அரவிந்த கோஷை மகாகவி பாரதியாரும் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரும் எதிர்கொண்டு அழைத்து வந்ததையும், கோமுட்டித் தெருவில் சங்கர செட்டியார் வீட்டு மாடியில் அவர் ஆறு மாத காலம் வெளியே தலைகாட்டாமல் வசித்ததையும் சென்ற பகுதியில் விவரித்தோம். அவ்வளவு கல்வியும் கீர்த்தியும் வாய்ந்த ஒருவர், பிறந்த மாகாணத்தை இரவோடு இரவாக விட்டு, பிரெஞ்சுக் கொடியின் நிழலைத் தேடி இவ்வூருக்கு வரும்படி நேர்ந்தது ஏன் என்ற கேள்வி அப்பகுதியைப் படித்த நேயர்களுக்கு எழுந்திருக்கும். வங்காளத்து வெடிகுண்டு வழக்கு என்று ஒரே வார்த்தையில் விடை கூறிவிடலாம். ஆனால் அவ்வழக்கின் மூலத்தைத் தேடிக்கொண்டு பின்னோக்கிச் செல்வோமாயின், முதலில் பீகாரிலுள்ள முஜாபர்பூரில் இருட்டில் வந்த ஒரு குதிரை வண்டியிடமும், அங்கிருந்து நெடுந்தூரம் வடக்கே, ருஷியாவின் பழைய தலைநகரில் பனி மூடிய ஒரு கால்வாய்க் கரையில் நின்ற சக்கரமில்லாத மற்றொரு குதிரை வண்டியிடமும் போய்ச் சேருகிறோம். ஆகையால் இந்தப் பகுதியில் புதுச்சேரியைச் சற்றே விட்டு விலகி, அவ்விரண்டு வண்டிகளின் கதையையும் கூறிவிட்டு, மீண்டும் நம் கடற்கரைக்குத் திரும்புவதாக உத்தேசம்.

பல்லக்கும், ஜட்காவும், முன்னால் துரை அமர்ந்திருக்கப் பின்னால் ஆள் தள்ளிச் செல்லும் புஷ்புஷ் வண்டியும் நம் ஊர் கண்ட வாகனங்கள். சறுக்கு வண்டி என்பது நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றதன்று. ருஷிய தேசத்தில் நவம்பர் முதல் மார்ச்சு வரையில் வீதிகளில் பனி இறுகிக் கிடக்குமாதலால், அக்காலத்து மக்கள் சக்கர வண்டிகளைக் கொட்டகையில் விட்டு, முனை வளைந்த இரண்டு நீண்ட சட்டங்களின் மேல் ஆசனம் அமைத்த தாழ்வான வண்டிகளில் குதிரையைப் பூட்டி ஓட்டுவார்கள். உழவர்கரைக் கொம்யூனைச் சேர்ந்த கிராமமாக இருந்து இன்று வீடுகளால் நிறைந்துவிட்ட நம் சாரத்தில், சேற்றுழவு முடிந்த வயலில் பரம்புப் பலகையின் மேல் உழவன் ஏறி நிற்க, காளைகள் அதை வழுக்கிக்கொண்டு இழுத்துச் செல்லும் காட்சியைக் கண்ட முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் அந்தச் சேற்றின் ஸ்தானத்தில் பனியையும், காளைகளின் ஸ்தானத்தில் குதிரைகளையும் வைத்துப் பார்த்தால் போதும், சறுக்கு வண்டியின் தத்துவம் விளங்கிவிடும். சக்கரத்தின் கடகட ஓசை அதற்கு இல்லை. குதிரையின் குளம்பொலியும் சேணத்து மணியோசையுமே அதன் வருகையை அறிவிக்கும். கதவோ கூரையோ இல்லாத சிறிய வண்டிகளே நகரத்தில் மிகுதி. கம்பளத்தால் காலை மூடிக்கொண்டு இருவர் நெருங்கி அமரலாம். சாரதி முன்னால் உயர்ந்த பீடத்தில் இருப்பான்.

அத்தகைய வண்டி ஒன்றில், 1881-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் போலீஸ் அதிகாரியான கர்னல் த்வோர்ஷித்ஸ்கி என்பவர் ஜார் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாந்தரின் ராஜரதத்தைப் பின்தொடர்ந்து சென்றுகொண்டிருந்தார். அந்நாளை ருஷியாவின் பழைய பஞ்சாங்கம் மார்ச்சு 1 என்று குறிக்கும். மேற்கு ஐரோப்பிய நாடுகளின் கணக்கில் அது மார்ச்சு 13. முன்னால் சென்ற ராஜரதம் சக்கரங்கள் உள்ளது, மூடு வண்டி, அடியிலும் பக்கங்களிலும் இரும்புத் தகடு பொதிந்தது. பிரெஞ்சுச் சக்கரவர்த்தியாயிருந்த மூன்றாம் நெப்போலியன் அதனை ஜாருக்கு அன்பளிப்பாக அனுப்பினான் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாம் நெப்போலியன் என்ற பெயர் புதுவைவாசிகளுக்குப் புதியதன்று. நம் பூங்காவின் நடுவே வெண்ணிறமாக நிற்கும் ஆயி மண்டபம் அவனுடைய ஆட்சிக் காலத்தில் எழுந்ததே. பாரிஸில் அமர்ந்து நம்மையும் ஆண்டுவந்த அம்மன்னனுக்கு வண்டிகளின் அபாயம் அனுபவபூர்வமாகத் தெரியும். 1858-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி இரவு, தன் மனைவி யூஜெனியுடன் அவன் ஓபெரா அரங்கின் வாசலை நெருங்கியபோது, ஓர்ஸினி என்னும் இத்தாலியத் தேசபக்தனும் அவனுடைய கூட்டாளிகளும் வண்டியை நோக்கி மூன்று வெடிகுண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வீசினார்கள். குதிரைகள் விழுந்தன, வாசலில் எரிந்த விளக்குகள் அணைந்தன, வேடிக்கை பார்க்க நின்ற ஜனங்களில் 8 பேர் உயிரிழந்தனர், காயமுற்றவர் தொகை 150-ஐ எட்டியது. வண்டிக்குள் இருந்த ராஜ தம்பதிகளோ ஏறக்குறைய ஒரு சேதமுமின்றி இறங்கி, நாடகத்தையும் பார்த்துவிட்டுத்தான் அரண்மனைக்குத் திரும்பினார்கள். ஓர்ஸினி அதே ஆண்டு மார்ச்சு 13-ஆம் தேதி கில்லட்டினில் சிரச்சேதம் செய்யப்பட்டான். பின்னர் 1867-இல் ஜார் அலெக்ஸாந்தர் பாரிஸுக்கு விருந்தினராக வந்து, நெப்போலியனோடு ஒரே திறந்த வண்டியில் அமர்ந்து சென்றபோது, பெரெஸோவ்ஸ்கி என்ற போலந்து இளைஞன் ஜாரைக் குறிவைத்துச் சுட்டான்; கைத்துப்பாக்கி பிளந்து குண்டு வழிமாறி, பக்கத்தில் வந்த ஒரு குதிரையின் மேல் பாய்ந்தது. அரசனுக்கு நேரவேண்டியது வழியில் நின்றவர்களுக்கும் வாயற்ற ஜீவன்களுக்கும் நேர்ந்த இவ்விரு சம்பவங்களையும் நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

அலெக்ஸாந்தர் கொடுங்கோலன் என்று ஒரே முத்திரையில் அடக்கிவிடத்தக்கவன் அல்லன். 1861-இல் கோடிக்கணக்கான பண்ணையடிமைகளுக்கு விடுதலை அளித்தவன் அவனே. ஆயினும் விடுதலை பெற்ற குடியானவன் தான் உழுத நிலத்துக்கே நெடுங்காலம் தவணைப் பணம் கட்டவேண்டியிருந்தது. போலந்தின் எழுச்சி இரத்தத்தில் அமிழ்த்தப்பட்டது. கிராமங்களுக்குச் சென்று ஜனங்களிடையே பிரசாரம் செய்த மாணவர்களும் மாணவிகளும் நூற்றுக்கணக்கில் சிறை புகுந்தனர். அவர்களுள் எஞ்சிய சிலர் 1879-இல் ‘நரோத்னயா வோல்யா’ என்னும் இரகசிய சங்கத்தை அமைத்து, சக்கரவர்த்திக்கு மரண தண்டனை விதிப்பதாகத் தமக்குள் தீர்மானம் செய்துகொண்டார்கள். ரயில் பாதையில் வெடி வைத்தார்கள். 1880 பிப்ரவரியில் அரண்மனைப் போஜன சாலைக்கு அடியிலேயே வெடிமருந்தைச் சேகரித்து வைத்துக் கொளுத்தினார்கள். அரசன் தப்பினான், காவலர்கள் மாண்டார்கள்.

மார்ச்சு முதல் தேதிக்கு அவர்கள் செய்திருந்த ஏற்பாடு விரிவானது. ஞாயிறுதோறும் ஜார் சேனை அணிவகுப்பைப் பார்வையிடச் செல்லும் வீதியில், பாலாடைக்கட்டி விற்கும் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் நிலவறையிலிருந்து நடுவீதி வரைக்கும் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்திருந்தார்கள். தோண்டிய மண்ணை ஒளிப்பதற்குக் கடையிலிருந்த பீப்பாய்களே உதவின. தலைவனான ஷெல்யாபோவ் இரண்டு நாட்களுக்கு முன்பே கைதாகிவிட்டபடியால், நகரத்துக் கவர்னராக இருந்த ஒருவருடைய குமாரத்தியாகிய ஸோபியா பெரோவ்ஸ்காயா பொறுப்பை ஏற்றாள். அன்று அரசன் சுரங்க வீதியின் வழியே வராமல், காதரீன் கால்வாய்க் கரை வழியாகத் திரும்புவான் என்று அறிந்த மாத்திரத்தில், கைக்குட்டையை அசைத்துச் சமிக்ஞை செய்து, கையெறி குண்டுகளோடு காத்திருந்த இளைஞர்களை அந்தக் கரைக்கு அனுப்பினாள்.

பிற்பகல் இரண்டேகால் மணி அளவில் ராஜரதம் கரையோரமாக விரைந்து வந்தது. கஸாக்கிய வீரர்கள் குதிரைகளில் சூழ்ந்து வந்தார்கள். பின்னால் த்வோர்ஷித்ஸ்கியின் சறுக்கு வண்டி. ரிஸாகோவ் என்ற பத்தொன்பது வயது இளைஞன் முதல் குண்டை எறிந்தான். ஒரு கஸாக்கிய வீரனும், கூடையைச் சுமந்துகொண்டு அவ்வழியே போன இறைச்சிக் கடைச் சிறுவன் ஒருவனும் படுகாயமுற்றுப் பின்னர் இறந்தார்கள். ராஜரதத்தின் பின்பகுதி சிதைந்தது. ஆனால் இரும்புத் தகடு தன் கடமையைச் செய்தது. உள்ளிருந்த சக்கரவர்த்தியின் மேனியில் பெருங்காயம் ஏதுமில்லை. அப்படியே ஓட்டிச் சென்றுவிட அனுமதி கொடுங்கள் என்று சாரதி மன்றாடினான். சறுக்கு வண்டியிலிருந்து குதித்தோடி வந்த கர்னலும், தம்முடைய வண்டியில் ஏறி உடனே அரண்மனைக்குச் சென்றுவிட வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொண்டார். அரசன் கேட்கவில்லை. காயமுற்றவர்களைப் பார்க்கவேண்டும், குண்டு எறிந்தவனைப் பார்க்கவேண்டும் என்று கீழே இறங்கி, பனியின் மேல் நடந்தான். அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தின் அதிபதி தன்னைக் காத்த வண்டியை விட்டு இறங்கி நின்ற அந்தச் சில நிமிஷங்களே கிரினெவீத்ஸ்கி என்ற இரண்டாமவனுக்குப் போதுமாயிருந்தன. கால்வாயின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றிருந்த அவன், அரசன் இரண்டு அடி தூரத்துக்குள் வந்ததும் குண்டை இருவருக்கும் இடையே தரையில் அறைந்தான். எறிந்தவனும் ஏற்றவனும் ஒருங்கே வீழ்ந்தார்கள். சக்கரவர்த்தியின் இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே சிதைந்து போயின.

சக்கரங்களுள்ள இரும்பு வண்டி உடைந்து பயனற்று நின்றது. ஆகவே போலீஸ்காரனுடைய சறுக்கு வண்டிதான் சக்கரவர்த்தியின் கடைசி வாகனமாயிற்று. திரும்பத் திரும்பக் குளிர்கிறது என்று முனகிய அரசனை, அரண்மனைக்கே கொண்டு போங்கள் என்று அவன் கூறியபடி, அதில் கிடத்தினார்கள். வெட்டவெளியான வண்டியில், காயங்களுக்குக் கட்டும் போடாமல், அவ்வளவு தூரமும் இரத்தம் பனியில் சொட்டிக்கொண்டே போயிற்று. இதில் ஒரு விசித்திரமான செய்தி பின்னர் வெளியாயிற்று. மூன்றாவது குண்டுடன் அங்கே நின்றிருந்த எமெல்யானோவ் என்ற இளைஞன், குண்டு இருந்த பொட்டலம் அக்குளிலேயே இருக்க, தன்னையறியாமல் ஓடிச் சென்று, காயமுற்ற அரசனைச் சறுக்கு வண்டியில் தூக்கி வைக்க உதவினானாம். கொல்ல வந்தவன் கைகொடுத்துத் தூக்கினான் என்பது கதையாகப் புனைந்தால் நம்பத்தகாதது, சரித்திரத்தில் இருக்கிறது.

மாலை மூன்றரை மணிக்குமேல் அரசன் உயிர் நீத்தான். அப்போது அந்த அறையில் நின்று பாட்டனாரின் சிதைந்த தேகத்தைக் கண்ட பன்னிரண்டு வயதுப் பேரன்தான் பிற்காலத்தில் நிக்கலஸ் என்ற பெயரோடு அரியணை ஏறி, 1917-இல் அதனை இழந்த கடைசி ஜார். அந்த வீழ்ச்சியைக் கேட்டு நம் புதுச்சேரியில் வசித்துக்கொண்டிருந்த பாரதியார் ‘புதிய ருஷியா’ என்ற பாடலை எழுதினார் என்பது நேயர்கள் அறிந்ததே.

அந்தக் கொலையால் கிடைத்த பலன் யாது? ஜனங்களின் பிரதிநிதிகளைச் சட்ட ஆலோசனையில் சேர்த்துக்கொள்ளும் ஒரு திட்டத்துக்கு, அன்று காலையில்தான் அலெக்ஸாந்தர் சம்மதம் கொடுத்திருந்தான். அடுத்து வந்த மூன்றாம் அலெக்ஸாந்தர் அதைக் குப்பையில் எறிந்துவிட்டு, எதேச்சாதிகாரமே தன் தர்மம் என்று இரண்டு மாதத்துக்குள் பிரகடனம் செய்தான். பெரோவ்ஸ்காயா, ஷெல்யாபோவ், ரிஸாகோவ், மிகாய்லோவ், குண்டுகளைத் தயாரித்த கிபால்சிச் ஆகிய ஐவரும் ஏப்ரல் மாதத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். மரணத்தை எதிர்நோக்கிச் சிறையிலிருந்த நாட்களில், வெடிமருந்தின் உந்துதலால் மனிதனை ஆகாயத்தில் ஏற்றிச் செல்லும் வாகனம் ஒன்றுக்குக் கிபால்சிச் படம் வரைந்து கொடுத்தான். அதிகாரிகள் அதை உறையிலிட்டு மூடி வைத்துவிட்டார்கள். சேதமுற்ற ராஜரதம் பாதுகாக்கப்பட்டு, ஜார்ஸ்கோயே செலோ அரண்மனையைச் சேர்ந்த வண்டிகளின் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அரசன் விழுந்த இடத்தில் பெரிய தேவாலயம் ஒன்று எழுப்பப்பட்டது.

பனிநாட்டுச் சம்பவம் வெப்பநாட்டுக்கு வந்த மார்க்கத்தை இனிக் காண்போம். நம் தேசத்தில் அரசியல் காரணத்துக்காக ஆங்கில அதிகாரியின் வண்டி வழிமறிக்கப்பட்ட முதல் பெருஞ்சம்பவங்களுள் ஒன்று 1897-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி இரவு புனாவில் நிகழ்ந்தது. விக்டோரியா மகாராணியின் வைரவிழா விருந்து முடிந்து கணேஷ்கிண்ட் சாலை வழியாகக் குதிரை வண்டிகள் திரும்பிக்கொண்டிருந்தன. பிளேக் நோய் தடுப்பு என்ற பெயரால் வீடு புகுந்து ஜனங்களை வருத்திய ராண்டு என்ற அதிகாரியின் வண்டியைத் தாமோதர் சாபேகர் பின்னாலிருந்து தாவிப் பிடித்துச் சுட்டான். அவனுடைய தம்பி பாலகிருஷ்ணன் அடுத்த வண்டியில் மனைவியோடு வந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட் என்பவனைச் சுட்டான். அயர்ஸ்ட் அவ்விடத்திலேயே மாண்டான். ராண்டு ஜூலை 3-ஆம் தேதி இறந்தான். சாபேகர் சகோதரர் மூவரும் தூக்கு மேடை ஏறினர்.

புனாவில் கைத்துப்பாக்கி, வங்காளத்தில் வெடிகுண்டு. இந்த மாறுதலுக்குக் காரணம் மிதுனாபுரியைச் சேர்ந்த ஹேமசந்திர கனுங்கோ. சொந்த சொத்தை விற்றுப் பணம் சேர்த்துக்கொண்டு 1906-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய அவர், பாரிஸில் அடைக்கலம் புகுந்திருந்த ருஷியப் புரட்சிக்காரர்களிடம் ரசாயனமும் இரகசிய சங்கம் நடத்தும் முறையும் கற்றுக்கொண்டு, ருஷிய மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட வெடிகுண்டுப் பாடப் புத்தகம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். கல்கத்தாவின் ஒதுக்குப்புறமான மாணிக்தலாத் தோட்டத்தில் அரவிந்தரின் இளைய சகோதரர் பாரீந்திரரும் உல்லாஸ்கர் தத்தரும் நடத்திவந்த குழுவினருக்கு அந்த வித்தை கைவந்தது. கிபால்சிச்சின் சந்ததி என்று இவர்களைச் சொன்னால் பொருந்தும். பீட்டர்ஸ்பர்க் நகரத்து நேவா நதிக்கரையின் வித்தை பாரிஸ் வழியாகக் கங்கைக் கரையை அடைவதற்கு 27 ஆண்டுகள் ஆயின.

முதல் பரீட்சைகளில் ஒன்று பிரெஞ்சு மண்ணிலேயே நடந்தது என்பது நம் தொடருக்கு முக்கியம். புதுச்சேரிக் கவர்னரின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்த சந்திரநாகூரின் மேயர் தார்திவேல் என்பவர் பொதுக்கூட்டம் ஒன்றைத் தடுத்தார் என்ற கோபத்தால், 1908 ஏப்ரல் 11-ஆம் தேதி இரவு அவர் வீட்டு ஜன்னல் வழியே குண்டு எறியப்பட்டது. அவருக்கும் மனைவிக்கும் அபாயம் நேரவில்லை.

அடுத்த குறி கிங்ஸ்போர்டு. கல்கத்தாவில் பிரதான மாஜிஸ்டிரேட்டாக இருந்தபோது, சுசீல் சென் என்ற பதினைந்து வயது மாணவனுக்குக் கசையடி விதித்து வங்காளத்தைக் கொதிக்கச் செய்தவர் அவர். முதலில் தடித்த சட்டப் புத்தகம் ஒன்றின் ஏடுகளைக் குடைந்து, உள்ளே கோக்கோத் தகரத்தில் வெடிமருந்து அடைத்து, பார்சலாக அவருக்கு அனுப்பினார்கள். அவரோ அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டார். பின்பு ஜில்லா ஜட்ஜியாக முஜாபர்பூருக்கு மாற்றப்பட்டார். அவரைத் தேடிக்கொண்டு குதிராம் போஸ், பிரபுல்ல சாகி என்ற இரு இளைஞர்கள் அவ்வூருக்குச் சென்று, ஒரு தர்மசாலையில் தங்கி, கிங்ஸ்போர்டு எந்த நேரத்தில் கச்சேரிக்குப் போகிறார், எப்போது ஐரோப்பியர் கிளப்புக்குப் போகிறார், அவருடைய வண்டி எத்தகையது, குதிரை எந்த நிறம் என்று நாள்தோறும் கவனித்துவந்தார்கள். கச்சேரியில் நெருங்கித் தாக்கலாமா என்று ஆலோசித்தபோது, அங்கே கூட்டத்திலுள்ள நிரபராதிகளுக்குத் தீங்கு நேருமே என்று அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்கள் என்றும் கூறுவர். வண்டியே தக்க இடம் என்று தீர்மானித்ததற்கு அந்த இரக்கமும் ஒரு காரணமாயிருந்தது என்பதை எண்ணும்போது, அதன்பின் நிகழ்ந்தது இன்னும் துயரமாகத் தோன்றுகிறது.

1908 ஏப்ரல் 30-ஆம் தேதி இரவு. கிளப்பில் கிங்ஸ்போர்டும் அவர் மனைவியும், பிரிங்கிள் கென்னடி என்ற பாரிஸ்டரின் மனைவியோடும் மகளோடும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எட்டரை மணி அளவில் ஆட்டம் முடிந்தது. கென்னடி குடும்பத்தின் வண்டியும் கிங்ஸ்போர்டின் வண்டியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பவை. தாயும் மகளும் ஏறிய வண்டி முன்னால் புறப்பட்டது. மரநிழலில் நின்றிருந்த இளைஞர்கள் வண்டியைக் கண்டார்கள். தாங்கள் இத்தனை நாளாகக் கவனித்துவந்த வண்டி இதுவே என்று கொண்டார்கள். ஓடிச் சென்று குண்டை எறிந்தார்கள். மகள் சற்று நேரத்துக்குள் இறந்தாள். தாய் மே மாதம் 2-ஆம் தேதி உயிர்விட்டாள். பின்னால் வந்த கிங்ஸ்போர்டுக்கு ஒரு கீறலும் இல்லை.

குதிராம் இரவெல்லாம் ஏறக்குறைய 25 மைல் நடந்து, காலையில் வைனி ரயில் நிலையத்தருகே தண்ணீர் குடிக்க நின்றபோது, புழுதி படிந்த கால்களும் களைத்த முகமுமாக இருந்த அவனைப் போலீசார் சந்தேகித்துப் பிடித்தார்கள். பிரபுல்லன் மொகாமா நிலையத்தில் சூழ்ந்துகொள்ளப்பட்டு, தன்னைத் தானே சுட்டுக்கொண்டான். குதிராமின் முகத்தில் அச்சத்தின் சாயலே இல்லை என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். ஆகஸ்டு 11-ஆம் தேதி அவன் தூக்கிலிடப்பட்டபோது அவனுக்கு வயது 18. அந்த ரயில் நிலையம் இன்று அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த ஒரு குண்டின் அதிர்ச்சி தேசம் முழுவதும் பரவியது. இரண்டாம் நாளே மாணிக்தலாத் தோட்டம் சோதனையிடப்பட்டது. அன்று விடியற்காலையில் கிரே வீதியிலுள்ள வீட்டில் அரவிந்தர் கைதானார். இச்சம்பவத்தைப் பற்றிக் ‘கேஸரி’யில் எழுதியதற்காக லோகமான்ய திலகர் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, ஆறு ஆண்டுத் தண்டனை பெற்று மாந்தலேக்கு அனுப்பப்பட்டார். தமிழ்நாட்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குக் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டதும் அவ்வாண்டு ஜூலை மாதத்தில்தான். அடக்குமுறையின் கரம் ‘இந்தியா’ பத்திரிகையின் மேல் நீண்டபோது, பாரதியார் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பத்திரிகையும் அவரைப் பின்தொடர்ந்து இங்கேயே வெளிவரலாயிற்று.

அலிப்பூரில் ஓராண்டு காலம் நடந்த விசாரணையில் அரவிந்தருக்காகச் சித்தரஞ்சன தாஸர் வாதாடினார். நீதிபதி பீச்கிராப்ட், அரவிந்தரோடு ஒரே காலத்தில் கேம்பிரிட்ஜில் படித்து, ஒரே சிவில் சர்வீஸ் பரீட்சையை எழுதியவர். 1909 மே 6-ஆம் தேதி அரவிந்தர் விடுதலையானார். பாரீந்திரருக்கும் உல்லாஸ்கருக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனை அப்பீலில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, அவர்களும் ஹேமசந்திரரும் அந்தமானுக்குச் சென்றார்கள். மீண்டும் கைது செய்யப்படுவார் என்ற செய்தி 1910 பிப்ரவரியில் எட்டியதும், அரவிந்தர் படகேறிச் சந்திரநாகூர் சென்று மறைந்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேயர் வீட்டில் குண்டு விழுந்த அதே பிரெஞ்சு ஊர்தான் அவருக்கு முதல் அடைக்கலமாயிற்று. அங்கிருந்து கிளம்பி, ஏப்ரல் முதல் தேதி கல்கத்தாவில் ‘துய்ப்ளேக்ஸ்’ கப்பலில் ஏறினார். கதை தொடங்கிய துறைக்கு நாமும் வந்துவிட்டோம்.

இனி இந்தச் சரித்திரத்தைப் பற்றி நம் அபிப்பிராயத்தையும் கூறிவிடுதல் முறை. ராஜாக்களும் அதிகாரிகளும் வண்டியை அந்தஸ்தின் அடையாளமாகக் கொண்டார்கள். அவர்களை ஒழிக்க விரும்பியவர்களும் அதே அடையாளத்தையே நம்பினார்கள். பதவியைக் குறிவைத்து எறிந்த குண்டு, பதவியில்லாதவர்கள் மேலேயே பெரும்பாலும் வீழ்ந்தது. பாரிஸில் வேடிக்கை பார்த்தவர்கள், கால்வாய்க் கரையில் கூடை சுமந்த சிறுவன், முஜாபர்பூரில் சீட்டாடிவிட்டு வீடு திரும்பிய தாயும் மகளும் யாருக்கும் யாதொரு அநீதியும் செய்தவர்கள் அல்லர். அந்த இளைஞர்கள் உயிரைத் துரும்பாக மதித்த வீரர்கள் என்பதை எவரும் மறுக்க இயலாது. கசையடி விதித்தவரும், வீடு புகுந்து வருத்தியவர்களும், சட்டத்தின் பெயரால் வாயடைத்தவர்களும் அவர்களை அந்த வழியில் தள்ளினார்கள் என்பதையும் மறுக்க இயலாது. ஆயினும் கிங்ஸ்போர்டு உயிர் தப்பினார், ருஷியாவின் சீர்திருத்தம் உயிர் தப்பவில்லை என்பதே சரித்திரம் எழுதிய தீர்ப்பு. குதிராமுக்குச் சிலை வைக்கும் நூல்கள், கென்னடி அம்மையாருக்கும் அவர் மகளுக்கும் ஒரு வரியேனும் ஒதுக்கவேண்டும்; ஒதுக்காத நூல் தேசபக்தியில் குறையற்றதாயிருக்கலாம், சரித்திரம் என்ற பெயருக்கு உரியதாகாது.

புதுச்சேரியில் அரவிந்தர் அரசியலை விட்டு யோக மார்க்கத்தில் திரும்பினார். ஆனால் அதே 1910-ஆம் ஆண்டில் இங்கே வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயரிடம் கைத்துப்பாக்கிப் பயிற்சி பெற்றுச் சென்ற ஓர் இளைஞன், 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில், மனைவியோடு முதல் வகுப்பு வண்டியில் அமர்ந்திருந்த ஆஷ் கலெக்டரைச் சுட்டான். அந்த வரலாறும், அதன் பயனாகப் புதுச்சேரியில் ஆங்கிலப் போலீசின் ஒற்றர்கள் பெருகிய விதமும் அடுத்த பகுதியில் வரும். அக்காலத்து ஒற்றர்களைப் பற்றிய செவிவழிச் செய்திகளோ, பழைய கடிதங்களோ, குடும்பக் குறிப்புகளோ வைத்திருக்கும் சாரம், முத்தியால்பேட்டை, உழவர்கரைப் பகுதி நேயர்கள் அவற்றைப் பத்திரிகை நிலையத்துக்கு எழுதியனுப்பினால், ஆராய்ந்து தக்கவாறு சேர்த்துக்கொள்வோம்.